அக்காவின் ஏழு நாள் தோல்விகள்

அவர் தோற்றதை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. சரியாக அப்போதுதான் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த தினசரி நாள்காட்டி ஆணியோடு கழன்று விழுந்தது. மந்தைவெளியில் எங்கள் வீட்டு மாடிக்கும் பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் மாடிக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கூடம். பத்து நாளாக விடியற்காலையில் அங்கிருந்து தொம் தொம் என்று சத்தம். விழுந்த நாள்காட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே சண்டைக்குப் போனேன்.

பந்தி மேசைகளை ஓரமாக அடுக்கிவிட்டுத் தடித்த விரிப்பு போட்டிருந்தார்கள். ஏழெட்டுப் பெண்கள் மல்யுத்தம் பழகிக்கொண்டிருந்தார்கள். நடுவில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் மல்லாந்து கிடந்தார். அவர் மேல் ஒல்லியான ஒரு பெண், தான் செய்ததைத் தானே நம்பாத முகத்தோடு.

"யாரும்மா இங்க பொறுப்பு? இப்படி விழுந்தா எங்காத்துச் சுவர் என்னத்துக்கு ஆகும்?" என்றேன்.

மல்லாந்து கிடந்தவர் எழுந்திருக்காமலே கும்பிட்டார். "நான்தான் சார் விழுந்தேன். இந்தப் பொண்ண ஒண்ணியும் சொல்லாதீங்க. இப்பத்தான் மொத தபா என்னத் தூக்கிப் போட்டுக் கீது. ரெண்டு நிமிசம் சந்தோசமா இருந்துட்டுப் போவட்டும்."

எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. அவர்களுடைய கோச் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர். என் கையில் நாள்காட்டியையும் மணிக்கட்டில் கடிகாரத்தையும் பார்த்தவர், சண்டை பிடிக்க வந்த ஆளை விட மனமில்லாமல், சுற்று நேரம் பார்க்கும் கடிகாரத்தைக் கொடுத்து என்னை அங்கேயே நிறுத்திக்கொண்டார். அன்று முதல் நான் அந்தக் கூடத்தின் 'டைம் சார்'. மண்டபத்துக்காரர் முகூர்த்தம் இல்லாத நாட்களில் மட்டும் கூடத்தைத் தருவார். எது அந்த நாள் என்று கோச் தினமும் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பஞ்சாங்கத்தைப் பார்த்து மூன்று மாதத்துக்கு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். யார் யாருடன் மோதினார்கள், யார் முதுகு எத்தனையாவது நொடியில் விரிப்பில் பட்டது என்றெல்லாம் ஒரு நோட்டில் குறிக்கவும் ஆரம்பித்தேன். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.

மல்லாந்து கிடந்தவரை எல்லோரும் அக்கா என்றார்கள். என்னைவிட இருபது வயது இளையவர் என்றாலும் எனக்கும் அவர் அக்காதான். தியாகராய நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் பட்டுப் பிரிவில் விற்பனைக்கு நின்றார். ஆற்றோரக் குடிசைகளிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பம். முதல் பஸ்ஸைப் பிடித்து ஐந்தரைக்குக் கூடத்துக்கு வந்து, எட்டு மணிக்குக் கடையின் சீருடைச் சேலையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். அவருடைய வலது காது பல வருட மல்யுத்தத்தில் கசங்கிச் சுருண்டுபோயிருந்தது. கடைக்குப் போகும்போது அதன் மேல் முடியை இழுத்துவிட்டு ஒரு ஊசி குத்திக்கொள்வார். அவர் போட்டிகளில் கலந்துகொண்ட காலமெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது மற்றவர்களுக்கு எதிராளியாக நிற்பது மட்டுமே அவர் வேலை.

போட்டிக்குப் போகிறவர்களிடம் "நீ ஜெயிப்ப" என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. யாராவது சொன்னாலும் பிடிக்காது. "வாயால சொன்னா வாயிக்குத்தான் தெரியும். உடம்புக்குத் தெரியணும்" என்பார். உடம்புக்கு எப்படித் தெரியவைப்பது என்பதை மட்டும் அவர் சொன்னதில்லை.

இதை அவருடைய கடையிலேயே நான் பார்த்திருக்கலாம். பார்த்தேன், புரிந்துகொள்ளவில்லை. உறவில் ஒரு கல்யாணத்துக்காக என் மனைவியோடு அங்கே போயிருந்தேன். வாடாமல்லி நிறத்தில் ஒரு பட்டு. என் மனைவிக்கு ஆசை, ஆனால் பயம். "இதைக் கட்டிண்டா இன்னும் கறுப்பாத் தெரிவேனோ?" என்று நாலு முறை கேட்டாள். மற்ற விற்பனைப் பெண்கள் "உங்களுக்கு சூப்பரா இருக்கும் மேடம்" என்று சொல்லிப் பார்த்துத் தோற்றுப்போனார்கள். அக்கா வந்தார். ஒன்றும் பேசாமல் அந்தச் சேலையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். தோளைக் கொஞ்சம் தொங்கவிட்டார். குழல் விளக்கின் நிழல் முகத்தில் விழுகிற மாதிரி ஒரு அடி தள்ளி நின்றார்.

"பாத்தீங்களா மாமி, என்ன மாதிரி ஆளு கட்டினா காக்கா பட்டுக் கட்டினா மாதிரிதான் கீது. இதுக்குன்னு ஒரு முகவெட்டு வேணும்."

என் மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சேலையை வாங்கித் தன் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்றாள். அந்த நிமிர்வை நான் கல்யாண ஆல்பத்தில்தான் கடைசியாகப் பார்த்திருந்தேன். இன்றுவரை அவளுக்குப் பிடித்த சேலை அதுதான்.

சில நாட்களில் பயிற்சி தொடங்குவதற்கு முன் பந்தி மேசையில் பலகையை வைத்து நானும் அக்காவும் ஒரு ஆட்டம் கேரம் ஆடுவோம். ஒன்பது ஆட்டங்களில் ஒன்பதையும் நானே வென்றேன். அதையும் குறித்து வைத்திருந்தேன்.

இனி சுகன்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது இருபத்தைந்து. அடையாறில் ஒரு கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கிற வேலை. கூடத்தில் அவள் பிடித்த காலை யாராலும் விடுவித்துக்கொள்ள முடியாது. ஆனால் போட்டி என்று பெயரைக் கூப்பிட்டால் அந்தக் கால்பிடி எங்கேயோ போய்விடும். மாநிலப் போட்டிக்கு இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் விரிப்பில் ஏறும் முன் வாந்தி எடுத்தாள், முதல் நிமிடத்துக்குள் தோற்றாள். அந்த ஆண்டு போட்டி ஆடி மாதக் கடைசி ஞாயிறு. முதல் இரண்டு இடங்களில் ஒன்றில் வந்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பம் போடலாம். அடுத்த ஆண்டு வயது வரம்பு தாண்டிவிடும். ஆகவே அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் மாதம் முழுக்கக் கூடம் எங்களுடையது. ஆனால் அக்காவுக்கு அது ஆடித் தள்ளுபடி மாதம். பகலெல்லாம் நின்று, கூட்டம் கலைத்துப்போட்ட சேலைகளை மடித்து, வீங்கிய காலோடு காலையில் வந்து சுகன்யாவோடு மோதுவார். மூன்று வாரம் அவளைத் துணி துவைப்பது போலத் துவைத்து எடுத்தார். நாலாவது வாரம் நிலைமை மாறியது. ஞாயிறன்று ஆடிய ஒரே ஆட்டத்தைச் சுகன்யா வென்றாள். திங்களன்று ஆடிய இரண்டையும். புதனன்று ஆடிய மூன்றையும் வென்றாள். அவள் நடையே மாறிவிட்டது. போகும்போது என்னிடம், "டைம் சார், இந்த தபா பாருங்க" என்றாள்.

அக்காவுக்குக் கால் வீக்கத்தால் அசதி என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் எனக்குச் சரிபார்க்காமல் இருக்க முடியாது. வியாழன் விடிகாலை பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். மார்கழியில் தள்ளுபடியும் இல்லை, கால் வீக்கமும் இல்லை. அப்போதும் இதே கதைதான். சிவப்புப் பேனாவால் ஒரு பட்டியல் போட்டேன். எந்தப் போட்டிக்கும் முந்தைய ஏழு நாட்களில், அந்தப் போட்டிக்குப் போகிற பெண்ணை அக்கா ஒருமுறைகூட வென்றதில்லை. அதற்கு முந்தைய நாட்களில் அவரை ஒருவரும் வென்றதில்லை. எங்கள் நாள்காட்டி விழுந்த அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த ஞாயிறும் ஒரு போட்டி இருந்திருக்கிறது! கேரம் ஆட்டங்கள் நினைவுக்கு வந்தன. அந்தப் பக்கத்தை அப்போதே குறுக்குக் கோடு போட்டு அடித்தேன்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் மூளை வேலை செய்யவில்லை. அக்கா வரும் பஸ் அன்று தாமதம். கூடத்தில் ஷூ கட்டிக்கொண்டிருந்த சுகன்யாவிடமே போய், "ஒரு சுவாரஸ்யமான விஷயம் பார்த்தியா?" என்று நோட்டை நீட்டினேன்.

அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். கடைசி வரியில் விரல் நின்றது.

"அப்ப நான் ஜெயிச்சதெல்லாம்..."

கட்டிய ஷூவை அவிழ்க்க ஆரம்பித்தாள். போட்டிக்கு மூன்று நாள் இருந்தது.

அக்கா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "இன்னா டைம் சார், எழவு வீடு மாதிரி கீது?"

சுகன்யா நோட்டை அவரிடம் கொடுத்தாள். அவர் பார்த்தார். "இதெல்லாமா சார் எழுதி வெப்பீங்க? சும்மா போய் விழுறதுக்குக் கூட சாட்சி வெச்சிட்டீங்களே."

"நெசமாக்கா?" என்றாள் சுகன்யா.

"நெசந்தான்."

"ஏன்?"

அக்கா விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்தார். "நான் போட்டிக்குப் போன காலத்துல, பழகறப்ப எனக்கு ஒருத்தி எதிர்ல நிப்பா. என்ன விட பலசாலி. போட்டிக்கு முந்தின நாளு வரைக்கும் தெனம் என்னப் போட்டு அமுக்குவா. போட்டிக்குப் போனா எதுக்க நிக்கறது வேற யாரோ. எனக்கு என்னமோ அவ மூஞ்சிதான் தெரியுது. நாப்பது செகண்டு. முடிஞ்சி போச்சு. ஒரு ஏழு நாளு அவ கொஞ்சம் விட்டுக் குடுத்திருந்தான்னு வெய்யி... சரி வுடு. உனக்கு அப்பிடி ஆவக் கூடாதுன்னு பாத்தேன்."

"எனக்குப் பொய்யா ஒண்ணும் வேணாம். இப்ப நெசமா வா."

"ஞாயித்துக்கெழம போட்டிய வெச்சிக்கினு நெசமா புடிக்கக் கூடாது கண்ணு."

"வாக்கா."

கோச் விசிலை எடுத்துக்கொண்டார். நான் கடிகாரத்தை அழுத்தினேன். மூன்று மூன்று நிமிடமாக இரண்டு சுற்று. முதல் சுற்றில் சுகன்யாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டாவது சுற்றில் இரண்டு முறை அக்காவின் இடது காலைப் பிடித்து வீழ்த்தினாள். இரண்டாவது முறை அக்காவின் முழங்கை விரிப்பைத் தாண்டித் தரையில் இடித்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். முடிவில் அக்காவுக்கு ஒன்பது புள்ளி, சுகன்யாவுக்கு நாலு.

"பாத்தியா?" என்றார் அக்கா, மூச்சிரைக்க. "நாலு பாயிண்ட்டு. அத்த நான் குடுக்கல. நீயா எடுத்தது."

"அத எப்பிடிக்கா நம்பறது?"

அக்கா ஓரமாகப் போய்ச் சீருடைச் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டார். காதை மறைக்கிற ஊசியைக் குத்த மறந்துவிட்டார்.

வெள்ளியும் சனியும் சுகன்யா கூடத்துக்கு வரவில்லை. நடந்ததை வீட்டில் சொன்னேன். என் மனைவி காபி டம்ளரைச் சற்றுப் பலமாகவே வைத்தாள். "எழுதறதெல்லாம் எழுதிக்கோங்கோ. யார் வேண்டாம்னா? அதைக் கொண்டுபோய் அந்தப் பொண்ணுகிட்ட வாசிச்சுக் காட்டணுமா?"

ஞாயிறு காலை உள்விளையாட்டரங்கத்துக்கு நான் போனபோது அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். முழங்கையில் கட்டு. ஆடித் தள்ளுபடியின் கடைசி ஞாயிறன்று எப்படி லீவு கிடைத்தது என்று கேட்டேன்.

"அத்த செத்துட்டாங்கன்னு சொன்னேன்."

"அடடா!"

"நீங்க வேற. இது மூணாவது சாவு சார். மேனேஜர் பாவம், மாலைக்கு ஆள் அனுப்பட்டுமான்னு கேட்டாரு."

அவர் பெயரை இங்கே நான் எழுதாததற்கு இதுவே காரணம். இப்போது அதே கடையின் வெளியூர்க் கிளையில் பட்டுப் பிரிவுக்குத் தலைமையாக இருக்கிறார். அத்தை விஷயம் வெளியே வர வேண்டாம்.

சுகன்யா அக்காவிடம் பேசவில்லை. உடம்பைச் சூடாக்க அவரைக் கூப்பிடவும் இல்லை. கோச்சை வைத்துக்கொண்டு ஏதோ செய்தாள். முதல் ஆட்டத்தில் ஒரே புள்ளி வித்தியாசத்தில் தப்பித்தாள். அடுத்தது அரையிறுதி, சேலத்திலிருந்து வந்த ஒரு பெண்ணோடு. அதில் வென்றால் இரண்டாம் இடமாவது உறுதி, விண்ணப்பமும் உறுதி. தோற்றால் மூன்றாம் இடத்துக்குத்தான் மோதலாம். அது அவளுக்கு உதவாது. சுகன்யா குளியலறைப் பக்கம் போய்விட்டு வந்தாள். முகத்தைப் பார்த்தாலே எதற்குப் போனாள் என்று தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் அக்கா அந்தக் காரியத்தைச் செய்தார். சேலத்துப் பெண்ணுக்குத் துணையாக அவள் அப்பா மட்டும்தான் வந்திருந்தார். அவர் தண்ணீர் பாட்டிலோடு தயங்கித் தயங்கி அக்காவிடம் வந்தார்.

"ஏனுங்க, பாப்பாகூட ஒரு அஞ்சு நிமிசம் புடிக்கறீங்களா? கூட வர வேண்டிய புள்ளைக்குக் காய்ச்சலுங்க. இவ கை ரெண்டும் ஐசு மாதிரி சில்லிட்டுக் கெடக்குதுங்க."

அந்தப் பெண் அடுத்து யாரோடு மோதப் போகிறாள் என்பது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். பலகையில் எழுதியிருந்தது. ஒரு கணம் எங்கள் பக்கம் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அவள் எதிரில் நின்றார். கொஞ்ச நேரத்தில் "அம்மாடியோவ்!" என்று ஒரு அலறல், உள்ளங்கையால் தரையில் ஓங்கி ஒரு அறை. அக்கா மல்லாந்து கிடந்தார். சேலத்து அப்பாவின் நெஞ்சு விரிந்தது.

"சார், இந்த அநியாயத்தப் பாருங்க!" என்று என் கையைப் பிடித்தாள் சுகன்யா. "என்னோட மோதப் போறவகிட்டயே போய் விழுந்துகினு கீது!"

சண்டை போடத்தான் விரைந்தாள். நாலடி தள்ளி நின்றுவிட்டாள். அக்கா மறுபடி விழுந்தார். அதே அம்மாடியோவ், அதே அறை. மூன்றாவது முறையும் அப்படியே. ஞாயிறு முதல் புதன் வரை கூடத்தில் சுகன்யாவிடம் விழுந்தபோதும் இதே சத்தம்தான். சுகன்யா விழித்த கண் விழித்தபடி நின்றாள். இத்தனை நாளும் அவள் அந்த விழுகையின் மேலே படுத்திருந்தவள். பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

"சார், வியாழக்கெழம என்கிட்ட விழுந்தப்ப அக்கா கத்துச்சா?"

என் நோட்டில் சத்தத்துக்குக் கட்டம் இல்லை. ஆனாலும் நினைவிருந்தது. "இல்லை. பல்லைக் கடிச்சுண்டா."

"தரையில அறைஞ்சுதா?"

"எங்கேர்ந்து அறையறது? முழங்கையே இடிச்சுடுத்தே."

அவள் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. "அப்ப நாலும் என்துதான்."

அக்கா எழுந்து துடைத்துக்கொண்டபோது சுகன்யா எதிரில் நின்றாள். மூன்று நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. "முழங்கை வலிக்குதாக்கா?"

"வலிக்காம? மாடு மாதிரி இழுத்துட்டு கேக்கறா பாரு."

"சரி" என்றாள் சுகன்யா. அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நடந்து போய் விரிப்பில் ஏறினாள்.

அந்த ஆறு நிமிடமும் எனக்கும் சேலத்து அப்பாவுக்கும் நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தார். "விடாத! விடாத!" என்று கத்தினார். யாரைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. தன் மகளைத்தான் என்று சேலத்து அப்பாவும், சுகன்யாவைத்தான் என்று நானும் எடுத்துக்கொண்டோம். சேலத்துப் பெண்ணிடம் அந்தச் சில்லிட்ட கை போன இடம் தெரியவில்லை. இரண்டு முறை சுகன்யாவைப் பின்னால் போய்ப் பிடித்து முன்னிலைக்கு வந்தாள். கடைசி முப்பது நொடியில் சுகன்யா ஒரு புள்ளி பின்தங்கியிருந்தாள். அப்போது குனிந்தாள். இடது கால். வியாழக்கிழமை பிடித்த அதே பிடி. ஆறுக்கு ஐந்து.

கடிகாரத்தை நிறுத்த வேண்டிய வேலை அன்று என்னுடையதல்ல. நல்லவேளை.

மாலையில் நடந்த இறுதிப் போட்டியில் சுகன்யா தோற்றாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளி போதுமானதாக இருந்தது. அடுத்த வாரமே விண்ணப்பம் போட்டாள். ஆனால் அன்றைய பொழுதில் என் மனதில் நின்றது அதுவல்ல.

அரையிறுதி முடிந்த கொஞ்ச நேரத்தில் சேலத்துப் பெண்ணுக்கு மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். அவள் சுவரோரம் ஷூவை அவிழ்த்துப் போட்டுவிட்டு முழங்காலில் முகத்தை வைத்திருந்தாள். அவள் அப்பா என்ன சொல்வதென்று தெரியாமல் பாட்டில் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அக்கா எழுந்தார். முழங்கை மடங்கவில்லை, முகம் சுளித்தார்.

"நீ உக்காருக்கா" என்றாள் சுகன்யா. "நான் போறேன்."

"ஏய், உனக்கு பைனல் கீதுடி!" என்று கோச் கத்தினார்.

அவள் காதில் வாங்கவில்லை. நேரே போய், சற்று முன் தான் வென்ற பெண்ணின் எதிரில் நின்று, "எந்திரி. என் காலப் புடி" என்றாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்தேகத்தோடு எழுந்தாள், பாதி மனதோடு கையை நீட்டினாள். கை காலில் படுவதற்குள்ளேயே சுகன்யா "அம்மாடியோவ்!" என்று அலறிக்கொண்டு மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தாள்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயய்ய, தொடறதுக்கு முன்னாடியே வுழறா பாரு! கொழந்தைக்குக்கூடத் தெரியும்டி. எந்திரி. ஒழுங்கா நில்லு. அவ புடிக்கட்டும், கொஞ்சம் முக்கு, அப்பறமா வுழு."

சேலத்துப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து ஷூவை மாட்டிக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். பிறகு சுகன்யாவின் காலைப் பிடித்தாள், இந்த முறை இரண்டு கையாலும்.